பதினோரு கம்பி

எலும்பைப் படம் பிடிக்கிற மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சிமிட்டிக் கூரையைப் படம் பிடித்தோம் என்று சொன்னால், இன்றைக்கும் ஆள்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் பதினாறு வருஷம் உழைத்தவன் இந்த ஹனீபா. நோயாளியைத் தூக்கிப் படுக்கவைப்பது, பிலிமைக் கழுவிக் காயப்போடுவது, துரை டாக்டர் சொல்வதைத் தமிழாளுக்குத் தமிழிலும் மலாய்க்காரருக்கு மலாயிலும் எடுத்துச் சொல்வது, இவ்வளவும் என் வேலை. கடைசியாகச் சொன்ன வேலைதான் அந்த வருஷம் என்னைக் கொன்றது.

அந்த வருஷம் என்றால் முப்பத்து நாலு. ஐப்பசி பிறந்து மழை ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த அத்தாப்பு ஓலைக் கூரை லைனில் ஆறு வாசல், ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். மூன்றாம் வாசல் வேலு, நாலாவது நான், ஐந்தாவது சித்தி ஹாஜரா. வேலு மேஸ்திரி, சிமிட்டி ஊற்றுவதற்கு முன்னால் உள்ளே வைக்கிற இரும்புக் கம்பியைக் கட்டுகிறவன். அவன் பெண்டாட்டி நல்லமுத்து அதே வேலையில் சிமிட்டிச் சட்டி சுமந்தாள். சித்தி ஹாஜரா நாசி லெமாக் பொட்டலம் கட்டிக் கூடையில் எடுத்துக்கொண்டு, வேலை எங்கே நடக்கிறதோ அங்கே போய் உட்காருவாள். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் அவள் கைக்கு அப்படி வரும். கையில் ஒன்றும் இல்லாதவன்கூட அவளிடம் பசியோடு திரும்பியதில்லை.

வேலுவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டட வேலையில் கம்பித் திருட்டு மலிந்துகிடந்த காலம் அது. கம்பியைக் கட்டி முடித்ததும் சட்டி சுமக்கிற பெண்கள் அத்தனை பேரையும் மேலே கூப்பிடுவான். முதல் கம்பியில் மஞ்சள் நூல் முடிந்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டு உரக்க எண்ணுவான். ஒன்று என்று சொல்லமாட்டான். நெல் அளக்கிறவன் மாதிரி "லாபம்" என்று ஆரம்பிப்பான். "லாபம், ரெண்டு, மூணு..." பெண்கள் கூடவே சொல்லவேண்டும். எண்ணி முடிந்த பிறகுதான் முதல் சட்டியைக் கொட்ட விடுவான்.

"நாளைக்கு எவனாச்சும் வேலு கம்பிய வித்துட்டான்னு சொல்லட்டும் பாப்போம். ஒம்போது வாய் சாட்சி இருக்கு" என்று என்னிடமே பெருமையடித்திருக்கிறான்.

ஒன்பதும் கூலிக்காரி வாய். கோர்ட்டில் அந்த ஒன்பதும் சேர்ந்து ஒரு வாயாகக்கூட ஆகவில்லை.

படகுத்துறைப் பக்கம் ஒரு புதுக் கிடங்கு கட்டினார்கள். அதற்குப் பெரிய வாசல் ஒன்று, சின்ன வாசல் ஒன்று. இரண்டுக்கும் மேலே, தாங்கத் தூண் எதுவும் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற சிமிட்டிக் கூரை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆள்கள்தான் ஊற்றினார்கள். முட்டுக்கட்டைகளைப் பிரித்துப் பத்து நாள் இருக்கும். ஒரு காலையில் மழைக்கு ஒதுங்கிப் பெரிய வாசல் கூரைக்குக் கீழே கூடையோடு உட்கார்ந்திருந்தாள் சித்தி ஹாஜரா. பொட்டலம் வாங்க வந்து நின்றான் மாட்டு வண்டிக்கார ராமசாமி. கூரை மடிந்து இரண்டு பேர் மேலும் விழுந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். படம் எடுத்துப் பார்க்கிற நிலைமையில் இரண்டு பேருமே இல்லை.

காண்ட்ராக்டர் தங்கராஜு லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆளை வெளியே எடுக்கிற சாக்கில், இடிந்ததையெல்லாம் அன்றைக்கே வாரிக் கடலோரம் கொட்டவைத்தார். மறுநாள், "உள்ளே கம்பியே இல்லை, மேஸ்திரி உருவி விற்றுவிட்டான்" என்று எழுதிக்கொடுத்தார். போலீஸ்கார மாத்தா வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த வேலுவைத் தட்டுக்கு முன்னாலிருந்து எழுப்பிக்கொண்டு போனான். கையைக் கழுவக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு நல்லமுத்துவை எந்த வேலையிலும் சேர்க்கவில்லை. கைப்பிள்ளை ஒன்று வேறு. மரவள்ளிக் கிழங்கை அவித்து உப்பைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். என் வீட்டிலிருந்து போகிற குழம்பை வாங்க வீம்பு பிடிப்பாள். சித்தி ஹாஜராவின் ஒரே மகள் சல்மா, இருபது வயசுப் பெண். குழாயடியில் நல்லமுத்துவின் தலை தெரிந்தால் போதும், பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குச் சோறு இல்லாட்டிப் போவுதுண்ணே" என்றாள் நல்லமுத்து ஒருநாள் சாயங்காலம், என் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "அந்தப் புள்ள என்னயத் திருடன் பொண்டாட்டின்னு நெனைக்கிதே, அதுதான் தொண்டையில நிக்கிது. அவ ஆத்தா கையால எத்தன நாளு தின்னுருக்கேன். இந்த மனுசன் ஒரு ஆணிகூட எடுத்தாந்தது இல்ல. எங்க போயி முட்டிக்கிறது?"

எனக்கு அன்றைக்கு மத்தியானம்தான் சங்கதி தெரிந்திருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"கேளு நல்லமுத்து. சின்ன வாசல் கூரை இன்னும் நிக்கிதில்ல? அத ஒடச்சிப் பாக்கலாம்னு கோர்ட்டு எஞ்சினியர் சொன்னாராம். ஒடைக்கிறப்ப கம்பிய நீ சொருவுன, நான் உருவுனேன்னு ரெண்டு பக்கமும் சண்ட வரும்னு மாஜிஸ்திரேட்டு ஒத்துக்கல. இப்ப எங்க தொரை மிஷினக் கொண்டாறேன்னு சொல்லிட்டாரு. ஒடைக்காமலே படம் எடுக்கப்போறோம்."

"கல்லுக்குள்ளயா? கல்லுக்குள்ள இருக்கிறது எப்படிண்ணே தெரியும்?"

"சதைக்குள்ள எலும்பு தெரியலயா? அதே மாதிரிதான் லா. கல்லு மங்கலா விழும், இரும்பு பளிச்சின்னு விழும்."

"எத்தன கம்பின்னு எண்ணலாமா?"

"வெரல எண்ணுற மாதிரி எண்ணலாம்."

"மிசினு பொய் சொல்லாதே?"

"மனுசன்தான் சொல்லுவான். மிஷினுக்கு அந்த வித்த தெரியாது."

அவள் அழவில்லை. பிள்ளையின் தலையை ஒரு முறை தடவினாள். "பதினொண்ணு. சின்ன வாசலுக்குப் பதினொண்ணு. நானும் கூட நின்னு எண்ணுனேன்" என்றாள். அன்றைக்கு என் வீட்டுக் குழம்பை வாங்கிக்கொண்டாள்.

படம் எடுத்தது புதன்கிழமை. மிஷின், கம்பிச் சுருள், கரண்டு எடுக்கிற எஞ்சின் எல்லாம் ஒரு லாரி நிறைய ஆனது. மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டு போனோம். சின்ன வாசல் கூரைக்கு இப்போது கீழே நாலு மரம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் ஏணி வைத்து மேலே ஏறி, சுவரை ஒட்டினாற்போலப் பிலிம் பெட்டி நாலை வரிசையாக அடுக்கினேன். நனையாமல் மெழுகுத் துணி போட்டு மூடினேன். எக்ஸ்ரே குழாயை டாக்டர் கூரைக்குக் கீழே கட்டிய சாரத்தின்மேல் நிறுத்தினார். மனுஷ நெஞ்சுக்கு ஒரு நொடி போதும். இந்த நாலு அங்குலச் சிமிட்டிக்கு எட்டு நிமிஷம் வேண்டியிருந்தது. நடுநடுவே குழாய் ஆறவேண்டும். ஒரு படம் முடிந்ததும் அதே பிலிமை எடுக்காமல், குழாயை மட்டும் ஆறு அங்குலம் தள்ளிவைத்து அதன்மேலேயே இன்னொரு தடவை எடுத்தார். எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. துரையிடம் கேள்வி கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம் கூட்டம். தங்கராஜு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லமுத்து மழையில் நனைந்துகொண்டு நின்றாள். கொஞ்சம் தள்ளி, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு சல்மாவும் நின்றிருந்தாள். அவளும் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. பொழுது சாய்கிறவரை இரண்டு பெண்களும் இடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாள் பிலிம் காய்ந்ததும் ஆஸ்பத்திரி அறையில் விளக்குப் பெட்டியின் முன்னால் நாலையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். டாக்டரும் எஞ்சினியரும் வந்தார்கள். வேலையாள் ஒருத்தரையாவது விசாரிக்கவேண்டும் என்று எஞ்சினியர் சொல்லியிருந்ததால் நல்லமுத்துவை நான்தான் கூட்டிவந்தேன். வாசலில் காலைத் துடைத்து, திரும்பவும் துடைத்து, சுவரோரமாக நின்றாள்.

சாம்பல் நிறப் பிலிமில் வெள்ளைக் கோடுகள் நேராக ஓடின. மூடனுக்குக்கூடத் தெரியும், இரும்பு என்று. அவள் கிட்டே போய் விரலை நீட்டி, தொடாமல், எண்ண ஆரம்பித்தாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

குரல் ஏறிக்கொண்டே போனது. பதினொன்றில் நிற்கவில்லை. நாலாவது பிலிம் முடிகிறபோது இருபத்திரண்டு வந்தது.

"இருவத்திரெண்டுண்ணே! ரெட்டிப்பா இருக்கு! பதினொண்ணுதான் கட்டுனதா சொன்னாரு, ரெண்டு மடங்கு இருக்குண்ணே. இந்தப் பாவி மனுசனப் போயி..." என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரைக் கும்பிட்டாள், எஞ்சினியரைக் கும்பிட்டாள், மிஷின் இருந்த பக்கம் திரும்பி அதையும் கும்பிட்டாள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும்.

துரைகள் சிரிக்கவில்லை. டாக்டர் ஒரு அடிக்கோலை எடுத்து, ஜோடி ஜோடியாக ஓடிய கோடுகளுக்கு நடுவே அளந்தார். எஞ்சினியர் எழுதிக்கொண்டார். பிறகு டாக்டர் என்னிடம் மெதுவாக இங்கிலீஷில் விளக்கினார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்னாண்ணே சொல்றாரு?"

"நல்லமுத்து, கம்பி பதினொண்ணுதான். குழாயத் தள்ளிவச்சு ரெண்டு தடவ எடுத்ததுனால ஒண்ணொண்ணும் ரெண்டு தடவ விழுந்திருக்கு."

"பதினொண்ணு போதுமே. பதினொண்ணுதானே கணக்கு. திருடல இல்ல?"

"திருடல. அத எழுதிக்கிட்டாரு."

"அப்பறம் ஏன் மொகம் இப்படி இருக்கு?"

"சண்டையில சிப்பாயி ஒடம்புல குண்டு எம்புட்டு ஆழத்துல கெடக்குன்னு இப்படித்தான் கண்டுபுடிப்பாராம். பிலிம் மேல இருந்துச்சு. கம்பி பிலிமுக்குக் கிட்ட இருந்தா ரெண்டு கோடும் ஒட்டுனாப்புல விழும். கீழ எறங்கிக் கெடந்தா விலகி விழும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் கோடுகள் நூல் இடைவெளியில் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில், ஆள் நடக்கிற அகலத்துக்கு, ஒவ்வொரு ஜோடியும் ஒரு விரல் அகலம் பிரிந்து கிடந்தது.

"கைய நீட்டிக்கிட்டு வாளியத் தூக்குனா தோளுக்கு மேல்பக்கம்தானே இழுக்குது? நீட்டிக்கிட்டு நிக்கிற கூரைக்கும் மேலதான் இழுக்குமாம். கம்பி மேல இருந்தாத்தான் புடிக்கும். கீழ கெடந்தா இருந்தும் இல்லாத மாதிரிதான்னு..."

நான் முடிக்கவில்லை. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க நடந்த எடம்ணே அது."

"என்னா சொல்ற?"

"கம்பிமேல கால் படக் கூடாதுன்னு அவரு பலக போட்டிருந்தாரு. சுவத்து சன்னல்லேர்ந்து எறங்கிப் பலக மேலதான் சட்டியக் கொண்டுபோவணும். மழ தூத்துச்சு. பலக வழுக்கிப்போச்சு. புஷ்பவள்ளிக்கு ஏழு மாசம்ணே. சட்டியோட சறுக்கி விழப்போனா, நான்தான் சீலயப் புடிச்சு இழுத்தேன். விழுந்திருந்தா இருபது அடி. எனக்கு நெஞ்சு வெந்துபோச்சு. பலகையத் தூக்கி நான்தான் கீழ வீசுனேன். வெறுங்காலு கம்பியப் புடிச்சிக்கும், வழுக்காது, ரெண்டு கூரையிலயும் கம்பிமேலயே நடங்கடின்னேன். அவரு கத்துனாரு. ‘ஏழு மாசத்த நீ சொமந்து பாரு'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன். பேசாம இருந்துட்டாரு. கொக்கி வச்சி ஒவ்வொரு கம்பியா தூக்கித் தூக்கி விட்டுக்கிட்டே வந்தாரு. நாங்க ஒம்போது பேரு மிதிக்கிறோம், அவரு ஒத்த ஆளு தூக்குறாரு. எத்தனையத் தூக்குவாரு? கம்பி உள்ளதானே இருக்குதுன்னு நெனச்சோம். எண்ணிப் பாத்துட்டோம்ல."

எண்ணிக்கையைத்தான் எல்லோரும் காத்தார்கள். மஞ்சள் நூல் கட்டி, லாபம் பாடி, திருடன் என்ற பேர் வராமல் காத்தார்கள். கம்பி எங்கே கிடக்கிறது என்று காக்க அந்த மழையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எஞ்சினியர் என்னைப் பார்த்துக் கேட்டார்: நடப்பதற்குப் பலகை போட்டிருந்தார்களா, யார் எடுத்தது?

அவருக்குத் தமிழ் தெரியாது. அவள் சொன்னது என் காதோடு நின்றது. "நல்லமுத்து, பலகய காண்ட்ராக்டரு வேற வேலைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிடு. ஒரு வார்த்த. நான் சொல்லிடுறேன். அந்த ஆளு செஞ்சதுக்கு இது பத்தாது" என்றேன். எனக்கு வெட்கமாக இல்லை. இப்போதும் இல்லை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லுங்கண்ணே. அவரக் கேக்கணும்."

மறுநாள் ஜெயிலுக்குக் கூட்டிப்போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வேலு பாதியாக இளைத்துப்போய் நின்றான். அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எத்தன?"

"பதினொண்ணு" என்றாள். "நீ கட்டுனது கட்டுன மாதிரி. ஒண்ணு கொறையல."

வலையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். வார்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். "சல்மாகிட்ட சொன்னியா? நான் திருடலன்னு சொன்னியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொழிலாளி புத்தி, இன்னொன்று கேட்டான்.

"மேலதானே கெடக்குது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். வேலுவுக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நடுவுலயா?" என்றான் கடைசியில்.

"ம்."

"நான் தூக்கிவிட்டேனே. இருட்டிக்கிட்டு வந்துச்சு. கடைசி அஞ்சாறு சட்டிக்குத் தூக்கல." வலையிலிருந்து கையை எடுத்தான். "பலகயப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நான்தான் எடுத்தேன்னு சொல்லப்போறேன்."

"சொல்லாத."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"பொய் இல்ல. மேஸ்திரி யாரு? நான். வேணாம்னு நான் சொல்லியிருந்தா நின்னிருக்கும். நீ உள்ள வந்துட்டா புள்ளைக்கு யாரு சோறு போடுறது? வாயத் தொறக்காத நல்லமுத்து. ஹனீபாண்ணே, இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க. நான் எடுத்தேன். நான் எடுக்கச் சொன்னேன். முடிஞ்சிபோச்சு."

"காண்ட்ராக்டரு மேல போட்டுடலாம்டா" என்றேன்.

"அவரு பொய்ய எம்மேல போட்டாருன்னுதானே இத்தன நாளு அழுதேன்" என்றான்.

கோர்ட்டில் அரைமணி நேரத்தில் காரியம் முடிந்தது. படங்களை மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். திருட்டு இல்லை என்று தள்ளினார். இடிந்ததை அவசரமாக வாரிக் கொட்டியதற்குத் தங்கராஜுவுக்கு நாலு வார்த்தை கண்டிப்பு; அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பலகையை எடுக்கச் சொன்னது தான்தான் என்று வேலு வாயால் ஒத்துக்கொண்டதற்கு, இரண்டு உயிர் போன கவனக்குறைவு என்று ஒன்றரை வருஷம். வேலு கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். ஒரு தடவைகூட நல்லமுத்து இருந்த பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவள் எழுந்து கத்திவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

வெளித் தாழ்வாரத்தில் மழைச் சாரலில் நல்லமுத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் தூங்கியது. சல்மா வந்தாள். மூன்று வாரமாக முகம் கொடுக்காத பெண், பக்கத்தில் உட்கார்ந்து நல்லமுத்துவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் திருடலன்னு ஆயிருச்சிக்கா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க. அழுவாதீங்க."

நல்லமுத்து வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னேன். வேலு உள்ளே போயாகிவிட்டது, இனி சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பலகய அவரு எடுக்கலடி. நான் எடுத்தேன். கம்பிமேல நடங்கன்னு நான்தான் சொன்னேன். புஷ்பவள்ளி வழுக்கி விழப்போனா, மாசமா இருந்தா, அதுனால எடுத்தேன். ஒங்க ஆத்தா தலமேல விழுந்தது அதாலதான்."

சல்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தாழ்வாரத்து ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஏதாவது கேட்டு, அறைந்து, கத்தித் தீர்த்துவிட்டால் தேவலை என்று நான் அல்லாவை வேண்டிக்கொண்டு நின்றேன்.

"புஷ்பவள்ளி அக்காவுக்குப் புள்ள பொறந்திருச்சா?" என்றாள்.

"போன வெள்ளிக்கெழம. ஆம்பளப் புள்ள."

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

சல்மா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் நல்லமுத்துவின் கையை எடுத்து மெதுவாக அவள் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.